ஆரூர்த் திருக்கோயிலும் தலவரலாற்று ஆராய்ச்சியும்

திருக்கோயிலை வழிபடச் செல்வார்க்கு அத்தலத்தின் பழமையை அறியும் வேட்கை இயல்பாகவே எழும். இத்தளி எஞ்ஞான்று தோன்றியது, இதனை எடுத்தார் யாவர், இறைவன் ஈண்டு எழுந்தருளிய காரணம் யாது என்னும் வினாக்கள் இக்காலத்தார்க்கே உரிய புதுவினாக்கள் அல்ல. திருநாவுக்கரசு சுவாமிகள் ஆரூர்ப் பெருமானைப் பாடிய திருத்தாண்டகப் பதிகங்களுள் ஒன்று முழுவதும் இவ்வினாவாகவே அமைந்துள்ளது. கூற்றுவனை ஒறுத்த காலத்திலோ, மன்மதனை நீறாக்கிய காலத்திலோ, எக்காலத்தில் ஆரூரைக் கோயிலாகக் கொண்டருளினை எனப் பாட்டுத்தோறும் சுவாமிகள் இறைவனையே வினவுகின்றார். அவ்வினாவிற்கு ஆண்டுக் கணக்கில் விடை கூறப்படவில்லை. எனினும் வினவுதல் பிழையெனவும் அவர் கருதினாரல்லர். வினாவையே வழிபாடாக ஆக்கினார். ஆகலின், காலத்தை ஆராய்வார் பத்தியை இழந்தவர் என்பதும், பத்தியுடையார் காலத்தை ஆராய்தல் தகாது என்பதும் ஆன்றோர் நெறிக்கு ஒவ்வாத கூற்றுக்களே என்க.

இவ்வுண்மை மறக்கப்பட்டமையால், இற்றைநாளில் ஒரு பழைய திருக்கோயிலுட் புகுவார் இருவேறு குரல்களைக் கேட்டு மயங்குகின்றனர். ஒரு குரல் தலபுராணத்தின் குரல்; மற்றொன்று கல்வெட்டாராய்ச்சியின் குரல். முன்னையதைக் கூறுவார் பின்னையதை அறியார். பின்னையதைக் கூறுவார் முன்னையதைக் கட்டுக்கதை என எள்ளுவர். கோயில் வாயிலில் விற்கப்படும் தலவரலாற்றுச் சிறுநூல்களிற் பெரும்பாலன இவ்விரண்டையும் ஆராயாது கலந்து, புராணச் செய்தியை ஆண்டுக் கணக்குடைய வரலாறு போலவும், கல்வெட்டுச் செய்தியைப் பெயர் குறியாத பழங்கதை போலவும் எழுதி அமைகின்றன. இவ்விரு குரலும் எவ்வெவ்வாறு கேட்கத்தக்கன என்பதற்குத் திருவாரூரினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஆரூரின் பெருமை யாவரும் அறிந்தது. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என மக்கள் வழக்கில் அதன் பரப்புப் பேசப்படுகின்றது. பூங்கோயில் எனப்படும் பெருங்கோயிலில் மூலட்டானத்தே புற்றிடங்கொண்ட பெருமானும், தனிச் சந்நிதியில் வீதிவிடங்கராகிய தியாகேசரும் எழுந்தருளியுள்ளனர். முசுகுந்தச் சக்கரவர்த்தி அசுரரை வெல்ல இந்திரனுக்குத் துணைநின்று, திருமாலால் வழிபடப்பெற்ற தியாகேசத் திருவுருவை அவன்பாற் பெற்று ஆரூரில் எழுந்தருளச் செய்தான் என்பதும், அதனோடு பெற்ற ஏனை ஆறு விடங்கத் திருவுருவங்களும் திருநள்ளாறு, திருநாகைக்காரோணம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு என்னும் தலங்களில் விளங்குகின்றன என்பதும் தலபுராண மரபு. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகை அருளிச்செய்ததும் இத்தலத்திலேயே. திருத்தொண்டர் புராணத்திற்கு முதல்நூலாக நின்றது அத்தொகையாதலின், சைவ உலகின் அடியார் வரலாறு தொடங்கிய இடம் ஆரூர் எனல் மிகையன்று.

அடியார் வரலாறு தொடங்கிய இவ்விடத்தில், வரலாற்றை எவ்வாறு அறிதல் வேண்டும் என்னும் வினாவும் எழுதல் பொருத்தமே. இதற்கு விடை காணப் பிறநாட்டார் நூல்களை நாடவேண்டுவதில்லை. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே அளவை இயலை வைத்து, பிறர் கூறும் அளவைகள் பலவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என நிறுவினர். ஐயமும் திரிபும் நீங்கிய அறிவே அளவையாம் என்பதும் ஆண்டே பெறப்படும். இவ்வளவைகளைத் தலவரலாற்றின்கண் பொருத்திக் காண்க. சுவரில் எழுத்தாக நிற்கும் கல்வெட்டுக் காண்டற்குரியது. அவ்வெழுத்தின் வடிவையும் அரசன் ஆட்சியாண்டையும் கொண்டு காலத்தைத் துணிதல் கருதலின்பாற்படும். வழிவழியாக வந்த திருமுறையும் புராணமும் உரையைச் சார்வன. கண்ணாற் கண்டதன்றி வேறொன்றும் கொள்ளேன் என்பான் உலகாயதன். சித்தியார் பரபக்கத்தே முதற்கண் மறுக்கப்பட்ட கொள்கையும் அதுவே. கல்லில் இல்லாதது யாவும் பொய் என்னும் ஆராய்ச்சியாளன் தன்னை அறியாமலே அவன் பக்கத்து நிற்கின்றான். உரை என்னும் பெயரால் வந்த யாவற்றையும் ஐயந்திரிபு ஆராயாது கொள்பவனோ, அளவை இயலைப் படித்தும் பயன்கொள்ளாதவன் ஆகின்றான்.

இனி, மனுநீதிச் சோழன் வரலாற்றை எடுத்துக்கொள்க. ஆரூர்க்குச் செல்வார் கோயிலின் புறத்தே கல்லில் வடிக்கப்பட்ட தேரையும் அதன்கீழ் அகப்பட்ட கன்றையும் கண்டு இவ்வரலாற்றை வினவுவர். சேக்கிழார் பெருமான் திருநகரச் சிறப்பில் இதனை விரித்துரைத்தனர். அரசிளங்குமரன் ஊர்ந்த தேர்க்காலிற் பட்டுக் கன்று மாய்ந்தது; தாய்ப்பசு அரண்மனை வாயிலின் ஆராய்ச்சி மணியைக் கோட்டால் அசைத்தது; அமைச்சர் கழுவாய் செய்தல் போதும் என்றனர்; அரசன் உடன்படாது, மகனைத் தேர்க்காலில் இடுமாறு ஓர் அமைச்சனை ஏவினான்; அவ்வமைச்சன் அதனைச் செய்ய ஆற்றாது தன்னுயிர் நீத்தான்; அரசன் தானே மகன்மீது தேரைச் செலுத்தினான்; அந்நிலையிற் பெருமான் விடைமேல் வெளிப்பட்டு, கன்றும் மைந்தனும் அமைச்சனும் உயிர்பெற்றெழ அருளினர்.

இதனைக் கேட்ட ஆராய்ச்சியாளன் இது சேக்கிழார் புனைந்தது என்று விரைந்து கூறுவானாயின், ஆரூர்க் கோயிற் கல்வெட்டே அவனை மறுக்கும். விக்கிரம சோழனது 5-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி. பி. 1123-ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்ட கல்வெட்டொன்று மனுவின் வரலாற்றை எடுத்துரைக்கின்றது. மைந்தன் பெயர் பிரியவிருத்தன் எனவும், அமைச்சன் பாலையூரைச் சார்ந்த உபயகுலாமலன் எனவும் அதன்கண் பெயர்கள் காணப்படுகின்றன. திருத்தொண்டர் புராணம் எழுந்தது இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில். அவன் ஆட்சி கி. பி. 1133 முதல் 1150 வரை நிகழ்ந்தது. எனவே சேக்கிழார் பாடுதற்கு முன்னரே ஆரூர் மக்கள் இவ்வரலாற்றை அறிந்து கல்லிலும் பொறித்திருந்தனர் என்பது தெளிவு.

இதுகேட்டுப் புராணப் பற்றுடையார், மனு வாழ்ந்தான் என்பதற்குக் கல்லே சான்றாயிற்று என மகிழ்வாராயின், அதுவும் அளவையைக் கடந்த மகிழ்ச்சியே. கி. பி. 1123-இல் எழுந்த கல், அவ்வாண்டில் ஆரூர் மக்கள் யாது நம்பினர் என்பதற்கே நேர்ச்சான்றாம். மிகப் பழையவன் எனப்படும் ஓர் அரசனுக்கு அஃது உடன்காலச் சான்றாதல் இல்லை. அன்றியும், இவ்வரலாறு ஆரூர்க்கு மட்டுமே உரியதாய் யாண்டும் வழங்கவில்லை. சேக்கிழார்க்குப் பல நூற்றாண்டு முற்பட்ட சிலப்பதிகாரத்தில், பாண்டியன் அவையில் நின்று வழக்குரைக்கும் கண்ணகி தன் ஊராகிய புகாரின் பெருமையாக இதனைக் கூறுகின்றாள். ஈழநாட்டு மகாவமிசமோ, அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டு ஆண்ட சோழ மரபினனாகிய எல்லாளன்மேல் இதே செய்தியை ஏற்றி உரைக்கின்றது. அவ்வாட்சி கி. மு. இரண்டாம் நூற்றாண்டினது எனக் கணக்கிடுவர். பகைவரினத்து அரசனாயினும் அவனது நடுவுநிலைமையை அந்நூல் மறைக்காது போற்றுதல் கருதத்தக்கது. ஆகவே மணியும் பசுவும் தேரும் உடைய இவ்வரலாறு சோழர் நீதிக்கு அடையாளமாகத் தமிழகத்தும் ஈழத்தும் நெடுங்காலம் வழங்கியது என்பதே சான்றுகள் அனைத்தையும் ஒருங்கு நோக்குவார் கொள்ளத்தக்க முடிபு.

இம்முடிபோடு ஆராய்ச்சி நின்றுவிடுமாயின் அது பாதி ஆராய்ச்சியே. ஒரே வரலாற்றைக் கூறும் சான்றுகள் எவ்வெவ்விடத்தில் வேறுபடுகின்றன, அவ்வேறுபாட்டின் காரணம் யாது என்பதை நோக்குதலே திறனாய்வின் பயன். கல்வெட்டு அமைச்சன் பெயரையும் ஊரையும் விளங்கக் கூறுகின்றது. சேக்கிழார் அவற்றைக் கூறவில்லை. சோழ அரசில் உயர்நிலையில் இருந்தவராகப் போற்றப்படும் சேக்கிழார் ஆரூர்க் கோயிலின் கல்வெட்டுச் செய்தியை அறியாதிருந்தார் எனக் கொள்ளுதல் எளிதன்று. காரணம் அவ்விரண்டன் நோக்கத்திலேயே உள்ளது. அக்கல்வெட்டு, உபயகுலாமலன் வழிவந்தவன் எனப்பட்ட ஓர் அதிகாரிக்கு ஆரூரில் மாளிகை உரிமையாக்கப்பட்டதைப் பதிவு செய்ய எழுந்தது. உரிமையை நிலைநாட்டும் எழுத்திற்கு முன்னோன் பெயரும் ஊரும் இன்றியமையாதன. புராணம் எழுந்ததோ அறத்தின் இயல்பையும் அருளின் இயல்பையும் உணர்த்துதற்கு. அந்நோக்கத்திற்கு அமைச்சன் யாவனாயினும் ஒன்றே. ஏவலைச் செய்யவும் மறுக்கவும் ஆற்றாது தன்னையே மாய்த்துக்கொண்ட அவனது இடர்ப்பாடே வேண்டுவது. கல் குடிவழியைக் காத்தது. நூல் அவ்வரலாற்றை எல்லார்க்கும் பொதுவாக்கியது. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.

இன்னும் ஒரு வேறுபாடு உண்டு. சிலப்பதிகாரத்திலும் மகாவமிசத்திலும் மைந்தன் இறந்த அளவில் வரலாறு முடிகின்றது. ஆண்டு நீதி உண்டு, மீட்சி இல்லை. சேக்கிழார் வாக்கிலோ நீதி முற்றுப்பெற்ற அவ்விடத்தே இறைவன் வெளிப்பட்டு அருளுகின்றான். அரசன் செய்யும் ஒறுப்பும் இறைவன் அருள்வழிப்பட்டதே எனவும், தண்டத்தால் தீயோர் வினை கழிந்து தூயராவர் எனவும் சித்தியார் கூறும். ஒறுத்தலும் கருணையே என்னும் அச்சித்தாந்தப் பொருளை இவ்வரலாற்றில் வைத்துக் காண்க. மனு தன் மகன் என்னும் பற்றை அறுத்து ஒறுத்தான். அவ்வொறுப்பு அருளுக்கு வாயிலாயிற்று. மீட்சி கூறியதனால் நீதியின் கடுமை குறைந்துவிட்டது எனக் குறைகூறுவாரும் உளர். அருள் வருமென அறிந்து அரசன் தேரைச் செலுத்தினானல்லன் என்பதை அவர் நோக்கிற்றிலர். மைந்தனை இழத்தற்கு முற்றும் உடன்பட்ட பின்னரே மைந்தன் மீண்டான். நீதிக்கதையாய் நின்றதைச் சிவனருட் கதையாக்கிய இதுவே ஆரூர் வரலாற்றின் உயிர்நாடி. இதனைக் கல்லிலும் எழுத்திலும் தேடி அளந்து காட்டல் இயலாது. கல்லையும் எழுத்தையும் ஒப்புநோக்காதார்க்கு இஃது இத்துணைத் தெளிவாகப் புலப்படவும் மாட்டாது.

கல்லும் புராணமும் வெவ்வேறு மொழியில் ஒரே பொருளைக் கூறுதலும் உண்டு. ஆரூர்ப் பெருங்கோயிலுள் அமைந்த அரநெறி என்னும் திருக்கோயிலே நமிநந்தியடிகள் தண்ணீரால் விளக்கெரித்த இடம். எண்ணெய் வேண்டியபோது பிற சமயத்தார் எள்ளி மறுக்க, குளத்து நீரை முகந்து வார்க்குமாறு அருள்வாக்கு எழுந்தது என்பது புராணம். அவர் நீரால் விளக்கிட்ட செய்தியைத் திருநாவுக்கரசு சுவாமிகளும் தம் ஆரூர்த் திருப்பதிகத்தில் எடுத்தோதியுள்ளார். எனவே அச்செய்தி சேக்கிழார்க்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு முற்பட்டது. அரநெறிக்குக் கற்றளி எடுப்பித்தவர் கண்டராதித்த சோழர் தேவியாராகிய செம்பியன் மாதேவியார். சோழர் காலத்துக் கோயில்களிற் காணப்படும் கல்வெட்டுக்களிற் பெரும்பகுதி நந்தாவிளக்குக் கொடைகளே. ஒரு விளக்கு இரவும் பகலும் எரிதற்கு வேண்டும் நெய்யின்பொருட்டு 96 ஆடுகள் விடுதலும், அவை குறையாது நிற்க வேண்டுமென்னும் கருத்தால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு எனக் குறித்தலும் அக்கால மரபு. நீரால் எரிந்த விளக்கை நம்ப மறுப்பவன், 96 ஆடுகளைக் கணக்கிட்டு வழிவழியாக நெய்யளக்க உடன்பட்ட மக்களின் உள்ளத்தை எண்ணிப் பார்ப்பானாக. ஆண்டவன் திருமுன் விளக்கு அவிதல் ஆகாது என்னும் ஒரே கவலை இரண்டிலும் நிற்கின்றது. அக்கவலையின் உச்சியே நமிநந்தியடிகள் வரலாறு. அதன் நாட்கடமையே கல்வெட்டு.

சில இடங்களிற் கல்லின் துணையின்றி மயக்கம் நீங்காமையும் உண்டு. ஆரூரில் பரவை என்னும் பெயருடையார் இருவர் அறியப்படுகின்றனர். ஒருவர் சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வாழ்க்கைத் துணைவியாராகிய பரவை நாச்சியார். மற்றொருவர் முதலாம் இராசேந்திர சோழனுக்கு அணுக்கராயிருந்த பரவை நங்கையார். கி. பி. 1044 வரை ஆண்ட இராசேந்திரன் காலத்தில் வீதிவிடங்கர் திருக்கோயில் கற்றளியாக்கப்பட்டதும், பரவை நங்கையார் அத்திருப்பணியில் ஈடுபட்டதும், அரசனும் அவரும் நின்று வழிபட்ட இடத்தைக் குறிக்க விளக்கொன்று வைக்கப்பட்டதும் கல்வெட்டுச் செய்திகள். பெயரொப்புமை கண்டு இருவரையும் ஒருவராகக் கொண்டு கூறின், நாயன்மார் வரலாறும் சோழர் வரலாறும் ஒருங்கே சிதையும். காலத்தால் பல தலைமுறை இடையிட்ட இவ்விருவரையும் வேறுபிரித்து உணர்த்துவது கல்லே. இவ்வகையிற் கல்வெட்டாராய்ச்சி அடியார் வரலாற்றுக்குப் பகையாகாது காவலாகின்றது.

இத்துணைப் பயனுடைய கல்லெழுத்துக்களின் இற்றைநிலை கவலைக்குரியது. திருப்பணி என்னும் பெயரால் பல ஊர்க் கோயில்களிற் பழஞ்சுவர் பிரிக்கப்பட்டு, எழுத்துடைய கற்கள் படியாகவும் தளமாகவும் மாறியுள்ளன. சுண்ணமும் வண்ணமும் பூசி எழுத்தை மறைத்தலும், மணலை வீசித் துலக்குமுகத்தால் எழுத்தின் கூர்மையை அழித்தலும் நிகழ்ந்துள்ளன. தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் என்னும் அரசாங்கத் தொகுதியின் முதற்பகுதி 1890-இல் வெளிவந்த பின்னர்ப் பல்லாயிரம் கல்வெட்டுக்கள் படியெடுக்கப்பட்டமையால் சில செய்திகள் தாளிலேனும் தப்பின. படியெடுக்கப்படாமுன் அழிந்தனவற்றை மீட்க வழியில்லை.

இவ்வாறு அழிப்பார், பழையன கழிதல் திருப்பணிக்கு இயல்பு என அமைதி கூறுவர். முன்னோர் நெறி அதுவன்று என்பதற்கு ஆரூர்க்கு அயலேயுள்ள பிற சோழநாட்டுத் தலங்கள் சான்று பகரும். அரநெறிக்குக் கற்றளி எடுத்த அதே செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவிற் கோயிலைப் புதுக்கியபோது, பழங்கற்களில் இருந்த எழுத்துக்களைப் புதுச்சுவரில் மீளப் பொறிப்பித்து, இவை பழங்கல்லின் படி எனவும் குறிப்பெழுதுவித்தனர். திருமழபாடியில் முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுக்கள் ஏட்டிற் படியெடுத்து வைக்கப்பட்டன. அவை அவன் மைந்தன் இராசேந்திரனது 14-ஆம் ஆட்சியாண்டில் மீண்டும் கல்லில் ஏறின. தந்தை காலத்தில் எழுதிய ஏடு மைந்தன் காலம்வரை காக்கப்பட்டது. பேரரசர் தம் புகழை மட்டுமின்றித் தமக்கு முன்னிருந்தார் ஈந்த ஒரு விளக்கையும் ஒரு மா நிலத்தையும் மறவாது போற்றிய இச்செயலே திருப்பணிக்கு இலக்கணம். இக்காலத்துத் திருப்பணி செய்வார் இதனினும் குறைந்ததைச் செய்து அமைதல் எவ்வாற்றானும் பொருந்தாது.

தலவரலாறு எழுதப் புகுவார் கடைப்பிடிக்கத்தக்கனவும் இவற்றால் விளங்கும். திருமுறை கூறுவது இது, கல்வெட்டுக் கூறுவது இது, தலபுராணம் கூறுவது இது, ஊர்வழக்கு இது என நான்கனையும் வேறு வேறாக எழுதுதல் வேண்டும். காலம் அறியப்பட்டதற்குக் காலம் குறித்தல் வேண்டும். அறியப்படாததற்குப் பதினாயிரம் ஆண்டு என எண்ணிட்டு ஏற்றங்கூறல் கூடாது. ஆண்டின் மிகுதியால் தலத்தின் பெருமை வளர்வதில்லை. புராணக் கதையைக் கூறுமிடத்து அதன் உட்பொருளையும் உணர்த்துதல் வேண்டும். உட்பொருள் கூறாது வியப்பை மட்டும் கூறுதல் உமியை ஈந்து அரிசியை மறைத்தலோடு ஒக்கும். கல்வெட்டைக் கூறுமிடத்து அதன்கண் வரும் ஆட்டிடையர், விளக்கெரிப்போர், நிலமீந்தோர் ஆகியோரையும் விடாது கூறுதல் வேண்டும், அவரும் திருத்தொண்டரே.

சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் மெய்யுணர்ந்தார்க்கும் ஆலயத்தை அரனெனவே தொழும் கடப்பாட்டை விதிக்கின்றது. ஆலயம் என்பது கருவறையளவில் அமைவதன்று; எழுத்துடைய சுவரும் அதன் திருமேனியே. அத்திருமேனியிற் பட்ட எழுத்தைப் படியாது போதல் அறியாமை. அதனை அழித்தல் அபசாரம். அதனைப் படித்தும் உள்ளிருக்கும் பெருமானைத் தொழாது மீளுதல் பெரும்பேற்றை இழத்தல். ஆரூர்த் தேரின்கீழ்க் கிடக்கும் கற்கன்றைக் காண்பார், அது எக்காலத்துக் கன்று என ஆராய்க. ஆராய்ந்தபின், வாய்பேசா உயிரொன்றின் முறையீட்டுக்கும் செவிசாய்க்கும் நடுவுநிலைமை தம்பால் உளதோ எனவும் ஆராய்க. தலவரலாற்றை அறிந்ததனாலாய பயன் அதுவேயாம்.

திருச்சிற்றம்பலம்.